பழைய மஸ்டாங்குக்குக் காயலான் கடை டிஸ்க் பிரேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் இருப்பது 1968 ஃபோர்டு மஸ்டாங். 302 வி8 எஞ்சின், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், அதாவது சுற்றும் உருளைக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து பிடிக்கும் வகை. முதலில் முன் சக்கரங்களை டிஸ்க்குக்கு, அதாவது சுற்றும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும் வகைக்கு, மாற்றினேன். பிறகு பழைய ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ஒன்றின் பின் ஆக்ஸிலை அப்படியே கழற்றி வந்து இதில் பொருத்தினேன். வேலை முடிந்ததிலிருந்து அமெரிக்காவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். இது 1960களின் மஸ்டாங்குக்கு எழுதியது. மற்ற கார்களைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் டிஸ்க் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

ஒரே ஒரு தடவை அவசரமாக நிறுத்துவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. பிரேக் மிதித்ததும் காரின் எடை முன்னால் சாய்கிறது, பின் டயர்கள் லேசாகிவிடுகின்றன. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. சரியாக அட்ஜஸ்ட் செய்த பின் டிரம் அந்த மிச்ச வேலையை நன்றாகவே செய்யும்.

அப்படியானால் எதற்கு இவ்வளவு பாடு? ஒரே மாதிரி பிடிப்பதற்காக. மலைச்சாலையில் இறங்கும்போது அடுத்தடுத்து மிதித்தால் டிரம்முக்குள் சூடு தங்கிவிடும், பிடிப்பு குறையும். மழைத் தண்ணீர் உள்ளே போனால் முதல் மிதிக்கு ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் வழுக்கும். அதோடு டிரம்முக்குள் இருக்கும் ஷூ சக்கரம் சுற்றும் விசையாலேயே இன்னும் இறுக்கிக்கொள்ளும். அதனால் கொஞ்சம் மிதித்தாலும் சில நேரம் திடீரென்று கவ்வும். டிஸ்க் மிதித்த அளவுக்குத்தான் பிடிக்கும். இந்த நம்பகத்துக்காகத்தான் நான் மாற்றினேன், இன்றுவரை அதில் வருத்தமில்லை.

முன்னால் இன்னும் டிரம்தான். பின்னால் மட்டும் டிஸ்க் போடலாமா?

கூடாது. முதல் டாலர் முன் சக்கரத்துக்கே போக வேண்டும். 1965 முதல் 1967 வரை மஸ்டாங்கில் ஆப்ஷனாக வந்த முன் டிஸ்க்கில் நாலு பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பிடி) இருந்தது. 1968இலிருந்து ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் வந்தது. இரண்டுக்கும் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. முன்னால் அதை முடித்து, சில மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பின் பக்கம் வாருங்கள்.

எத்தனையோ கார் இருக்க, எக்ஸ்ப்ளோரர் எதற்கு?

ஒன்றுக்கொன்று பொருந்தும் விஷயங்கள் அதில் வியக்கும்படி அமைந்திருக்கின்றன. 1995 மாடல் முதல் 2001 வரை வந்த நாலு கதவு எக்ஸ்ப்ளோரரில் பின்னால் 8.8 அங்குல ஆக்ஸில், டிஸ்க் பிரேக்கோடு வந்தது. சக்கரத்துக்கு ஐந்து போல்ட், 4½ அங்குல வட்டம். வி8 மஸ்டாங்கிலும் அதே வட்டம், போல்ட்டின் மரைகூட அதேதான். ஆக்ஸில் தண்டின் நுனியில் 31 பல். மஸ்டாங்கின் பழைய 8 அங்குல ஆக்ஸிலில் 28 பல்தான். எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கேற்றியிருந்தாலும் இது தாங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990களில் அமெரிக்காவில் அதிகம் விற்ற எஸ்யூவி அதுதான், அதனால் எந்த ஊர் காயலான் கடைக்குப் போனாலும் ஒன்றிரண்டாவது நிற்கும். மெர்க்குரி மவுன்டனியர் 1997 முதல் 2001 வரை அதன் உடன்பிறப்பு, அதிலும் இதே ஆக்ஸில்தான். 2002இல் நாலு கதவு எக்ஸ்ப்ளோரரின் பின் சஸ்பென்ஷன் முழுக்க மாறிவிட்டது. அந்த வருஷத்து வண்டி முன்னால் போய் நின்று ஏமாறாதீர்கள்.

கடையில் நிற்கும் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆக்ஸில் என்ற இடத்தில் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். டி4 என்றிருந்தால் 3.73 கியர் விகிதம், லிமிடெட் ஸ்லிப்போடு (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறு சக்கரத்துக்கு விசை போகும் அமைப்பு). பெரும்பாலானவர்கள் தேடுவது அதைத்தான். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வண்டிக்குக் கீழே போய், டிஃபரன்ஷியல் (ஆக்ஸிலில் விசையை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் பற்சக்கரப் பெட்டி) மூடியின் போல்ட் ஒன்றில் தொங்கும் சின்னத் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். 3எல்73 என்றிருந்தால் அதுவேதான். எல் என்ற எழுத்து இல்லாமல் 3 73 என்று மட்டும் இருந்தால் சாதா டிஃபரன்ஷியல். நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுகிறவருக்கு, ஓவர்டிரைவ் (எஞ்சின் சுற்றைக் குறைக்கும் உச்ச கியர்) இல்லாத கியர்பாக்ஸ் என்றால், 3.73 கொஞ்சம் இரைச்சலாகத் தோன்றும். 3.27 அல்லது 3.55 கிடைத்தால் அவருக்கு அது நல்லது.

அடுத்தது துரு. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலத்து வண்டி என்றால் சக்கரத்தைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள். டிஸ்க்கின் பின்புறம் ஹேண்ட் பிரேக் ஷூவைத் தாங்கும் பின்தட்டு ஒன்று இருக்கிறது. அது அப்பளம் மாதிரி உதிர்ந்துபோயிருப்பதை நான் மூன்று வண்டிகளில் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் புதுத் தட்டு வாங்க வேண்டும், அதை மாற்ற ஆக்ஸில் தண்டையே உருவ வேண்டும். அந்தச் செலவை மனதில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

டிஃபரன்ஷியல் மூடியைத் திறக்க அனுமதித்தால் திறந்து பாருங்கள். ஆயில் கறுப்பாக இருப்பதில் தப்பில்லை. விரலில் தொட்டுத் தேய்க்கும்போது மணல் மாதிரி நறநறத்தால் விட்டுவிடுங்கள்.

கழற்றும்போது எதையெல்லாம் சேர்த்துக் கொண்டுவர வேண்டும்?

ஆக்ஸில், இரண்டு காலிப்பர், அவற்றின் பிராக்கெட், டிஸ்க், ஹேண்ட் பிரேக் கேபிள் இரண்டும், காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு வரும் டிரைவ் ஷாஃப்ட்டைப் பிடிக்கும் நாலு போல்ட். அந்த நாலு போல்ட்டுக்கும் பன்னிரண்டு முனைத் தலை, 12 மில்லிமீட்டர் சாக்கெட் வேண்டும். அது இல்லாமல் போனால் பாதி நாள் வீண். ஏபிஎஸ் சென்சார் டிஃபரன்ஷியலின் மேல் செருகியிருக்கும். ஒயரை வெட்டிவிட்டு அதை அங்கேயே விட்டுவிடுங்கள். நமக்கு அது ஒரு மூடியாகப் பயன்படும்.

என் காரின் அகலத்துக்குப் பொருந்துமா?

1967 முதல் 1970 வரையான மஸ்டாங்கின் பின் ஆக்ஸில் சுமார் 59¼ அங்குலம். எக்ஸ்ப்ளோரருடையது சுமார் 59½. நேராகப் பொருந்தும்.

1965, 66 கார்களில் அது சுமார் 57¼தான், எனவே டயர் ஃபெண்டரில் உரசும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் ஆக்ஸிலில் டிஃபரன்ஷியல் நடுவில் இல்லை, வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இடக்குழாய் நீளம், வலக்குழாய் குட்டை. இடக்குழாயைச் சுமார் மூன்று அங்குலம் குறைத்துவிட்டு, இன்னொரு எக்ஸ்ப்ளோரரிலிருந்து எடுத்த வலப்பக்கத் தண்டை இடப்பக்கமும் போட்டால் இரு பக்கமும் சமமாகிவிடும், டிஃபரன்ஷியலும் நடுவுக்கு வந்துவிடும். யோசித்தவர் காலில் விழுந்து கும்பிடலாம், அத்தனை அழகான வேலை. ஆனால் குழாயை வெட்டி நேர்கோட்டில் பற்றவைக்க ஜிக் (நேராகப் பிடித்துவைக்கும் சட்டம்) உள்ள கடை வேண்டும். வீட்டு கராஜில் கண் அளவில் செய்யாதீர்கள்.

ஆறு சிலிண்டர் எஞ்சினோடு வந்த 1965, 66 கார்களில் சக்கரத்துக்கு நாலு போல்ட்தான். முன்பக்கத்தையும் ஐந்துக்கு மாற்றினால்தான் ஒரே சக்கரத்தை நாலு இடத்திலும் போட முடியும்.

பழைய பாகங்களில் எதை நம்பலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்?

கனமான இரும்பை நம்பலாம். ஹவுசிங், தண்டு, கிரவுன் பினியன், காலிப்பர் பிராக்கெட் ஆகியவற்றைச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தேய்கிற, உலர்கிற, உருகுகிற எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்: பேட், டிஸ்க், ரப்பர் ஹோஸ், ஆயில் சீல், வீல் பேரிங், ஹேண்ட் பிரேக் ஷூ. காலிப்பரை ரீபில்ட் செய்ததாக வாங்கிவிடுவது நல்லது. பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் காசு திரும்பக் கிடைக்கும், அதற்காகவாவது காயலான் கடைக் காலிப்பரைப் பத்திரமாக வைத்திருங்கள்.

சீலும் பேரிங்கும் மாற்ற ஆக்ஸில் தண்டை வெளியே எடுக்க வேண்டும். தண்டைப் பிடித்திருப்பது உள்முனையில் உள்ள சி வடிவக் கிளிப். மூடியைத் திறந்து, குறுக்குப் பின்னைப் பூட்டியிருக்கும் சின்ன போல்ட்டைக் கழற்றுங்கள். அதன் தலை 8 மில்லிமீட்டர்தான். துரு பிடித்து உட்கார்ந்திருந்தால் முறிந்துபோகும் பேர்வழி அது. சூடு காட்டி, பொறுமையாக, முன்னும் பின்னும் அசைத்து எடுங்கள். பின்னை உருவியதும் தண்டை உள்ளே தள்ளினால் கிளிப் தானாகக் கீழே விழும். பின் வெளியே இருக்கும்போது தண்டைச் சுற்றாதீர்கள், உள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்கள் உருண்டு வெளியே வந்துவிடும்.

லிமிடெட் ஸ்லிப் என்றால் கியர் ஆயிலோடு அதற்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் திருப்பங்களில் கடகடவென்று சத்தம் வரும்.

கமான் பட்டை உட்காரும் இடம் சரியாக வருமா?

வராது. எக்ஸ்ப்ளோரரில் கமான் பட்டை உட்காரும் தட்டுகளும் (இனி இருக்கைகள்) ஷாக் பிராக்கெட்டுகளும் வேறு இடத்தில் இருக்கின்றன. எல்லாவற்றையும் கிரைண்டரால் வெட்டி, குழாயை மழமழவென்று தேய்த்துவிட்டு, மஸ்டாங்கின் கமான் பட்டைக்கு ஏற்ற புது இருக்கைகளைப் பற்றவைக்க வேண்டும். குழாயின் விட்டம் 3¼ அங்குலம், மஸ்டாங்கினுடையதைவிடப் பெரிசு. எனவே யூ-போல்ட்டுகளும் புதிதாக வேண்டும்.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் இருக்கைகளைப் பட்டையின் மேல் சும்மா வையுங்கள், அதன்மேல் ஆக்ஸிலை வையுங்கள். இரு பக்கமும் டயருக்கும் ஃபெண்டருக்கும் உள்ள இடைவெளியை அளந்து நடுவில் நிறுத்துங்கள். பிறகு காரின் முழு எடையும் கமான் பட்டைமேல் இறங்கும்படி ஆக்ஸிலின் கீழ் ஸ்டாண்ட் கொடுங்கள். அப்போதுதான் பினியனின் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் பற்சக்கரத் தண்டு) சாய்வைப் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸின் பின்முனைக் கோட்டுக்கு இணையாக வைத்து, அதிலிருந்து பினியன் மூக்கு ஓரிரு டிகிரி கீழே பார்க்கட்டும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், அந்த ஓரிரு டிகிரி அதற்கு ஈடு. சாய்வு தப்பினால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் டிரைவர் சீட்டுக்குக் கீழே அதிர்வு வரும். பிறகு எந்த வீல் பேலன்ஸும் அதைத் தீர்க்காது.

சாய்வு சரியானதும் நாலைந்து புள்ளி மட்டும் பற்றவைத்து, ஆக்ஸிலை வெளியே எடுத்து முழு வெல்டிங் செய்யுங்கள். ஒரு அங்குலம் இங்கே, ஆறவிட்டு ஒரு அங்குலம் அங்கே. ஒரே மூச்சில் இழுத்தால் குழாய் வளையும். எர்த் கிளாம்பை ஹவுசிங்கிலேயே மாட்டுங்கள். தண்டிலோ டிஸ்க்கிலோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுத்துவிடும்.

டிரைவ் ஷாஃப்ட்?

அதை ஆக்ஸிலோடு இணைக்க எக்ஸ்ப்ளோரரில் வட்டத் தட்டு, மஸ்டாங்கில் யோக் (கவை போன்ற இணைப்பு). தட்டைக் கழற்றி யோக் போடச் சிலர் முயல்வார்கள். பினியன் நட்டைத் தளர்த்தினால் உள்ளே இருக்கும் நசுங்கும் ஸ்லீவின் இறுக்கம் போய்விடும், பேரிங் ப்ரீலோடை (தேவையான முன் இறுக்கத்தை) மறுபடி பிடிப்பது பெரிய வேலை. தட்டை அப்படியே விட்டுவிட்டு, அதற்கேற்ற அடாப்டரும் கிராஸ் ஜாயிண்ட்டும் போட்டு ஷாஃப்ட் கடையில் நீளத்தைத் திருத்தி, பேலன்ஸ் பார்த்து வாங்குங்கள். ஆக்ஸிலை இறுதியாகப் பொருத்திய பிறகே நீளத்தை அளக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் வேலை செய்யுமா?

நன்றாகவே செய்யும். டிஸ்க்கின் தொப்பிக்குள்ளேயே ஒரு சின்ன டிரம், அதற்குள் இரண்டு ஷூ. ஹேண்ட் பிரேக்குக்கும் காலிப்பருக்கும் தொடர்பே கிடையாது. எக்ஸ்ப்ளோரரின் கேபிள்களை மஸ்டாங்கின் நடு இணைப்போடு சேர்க்க நீளம் ஒத்துவராது, கேபிள் செய்து தரும் கடையில் அளவு கொடுத்துச் செய்துகொள்ளலாம். கேபிளை மாட்டும் முன் ஷூவைப் பற்சக்கரம் திருகி, டிஸ்க்கைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும்வரை விரித்துவிடுங்கள். ஷூ தளர்ந்திருக்கும்போது கேபிளால் இழுத்துச் சரிக்கட்டப் பார்த்தால் ஹேண்ட் பிரேக் என்றைக்கும் பிடிக்காது.

மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டுமா? அந்த வால்வுகள் எல்லாம் எதற்கு?

தயவுசெய்து இதை இரண்டு தடவை படியுங்கள். இரும்பு வேலையை எல்லோரும் கவனமாகச் செய்கிறார்கள். கோட்டை விடுவது இங்கேதான்.

பெடல் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றுவது மாஸ்டர் சிலிண்டர். 1965, 66 மஸ்டாங்கில் அதற்கு ஒரே அறை. ஒரு குழாய் வெடித்தால் நாலு சக்கரமும் போச்சு. 1967 முதல் இரண்டு அறை வந்தது. உங்களிடம் ஒற்றை அறை இருந்தால் டிஸ்க்கைப் பற்றிப் பேசும் முன் அதை மாற்றுங்கள்.

டிரம்முக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் எப்போதும் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். டிஸ்க்கில் அது இருந்தால் பேட் எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டிவிட்டு இறங்கினால் பின் சக்கரத்தில் கருகல் வாசனை அடிக்கும். நாலு டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டரை வாங்கிப் போடுவதே நேர்வழி. மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் காலிப்பரைவிட உயரத்தில் இருப்பதால் 2 பிஎஸ்ஐ வால்வும் தேவையில்லை.

இனி முன், பின் சக்கரங்களுக்குள் பிரேக் அழுத்தத்தின் பங்கீடு. எக்ஸ்ப்ளோரர் கனமான வண்டி. அதன் பின் காலிப்பர் அந்த எடைக்காகச் செய்தது. லேசான மஸ்டாங்கின் பின்னால் அது முழு அழுத்தத்தோடு பிடித்தால் பின் டயர்கள் முதலில் லாக் ஆகும். முன் டயர் லாக் ஆனால் கார் நேராக வழுக்கும், காலைத் தளர்த்தினால் ஸ்டியரிங் திரும்பக் கைக்கு வரும். பின் டயர் முதலில் லாக் ஆனால் காரின் பின்புறம் உங்களை முந்திக்கொண்டு வரப் பார்க்கும். ஈரச்சாலையில் அதைத் திருத்த நேரமே கிடைக்காது. ஆகவே பின் பக்கக் குழாயில் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய ப்ரபோர்ஷனிங் வால்வு, அதாவது பின் அழுத்தத்தைக் குறைக்கும் பங்கீட்டு வால்வு, ஒன்று கட்டாயம். அதைப் போடும்போது காரில் ஏற்கெனவே இருக்கும் பங்கீட்டு வால்வை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வரிசையாக இரண்டு வால்வு இருந்தால் எது எதைக் குறைக்கிறது என்றே தெரியாது.

குழாய், ஹோஸ் இணைப்புகள்?

காரின் உடலிலிருந்து ஆக்ஸிலுக்கு இறங்கும் நடு ஹோஸ் மஸ்டாங்குக்கானது புதிதாக வாங்குங்கள். ஆக்ஸில் மேல் ஒரு டீ, அங்கிருந்து இரு பக்கமும் 3/16 அங்குல இரும்புக் குழாய், கடைசியில் காலிப்பருக்கு ரப்பர் ஹோஸ். காலிப்பர் நகர்ந்து பிடிக்கும் வகை என்பதால் அந்த ஹோஸ் அவசியம். எக்ஸ்ப்ளோரர் பக்கம் மெட்ரிக் மரை, மஸ்டாங் பக்கம் அங்குல மரை, அடாப்டர் கிடைக்கும். குழாய் நுனி இரட்டை ஃபிளேராக (இரண்டாக மடித்து விரித்ததாக) இருக்கட்டும். கம்ப்ரஷன் ஃபிட்டிங்கைத் தண்ணீர்க் குழாயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரேக் குழாயிலிருந்து எவ்வளவு ஏர் எடுத்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கிறது. ஏன்?

இது எனக்கே நடந்தது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி உள்ளே உட்கார்ந்து "மிதிச்சிட்டேன், விட்டுட்டேன்" என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். இரண்டு பாட்டில் பிரேக் ஆயில் தீர்ந்தது. பெடல் தரையைத் தொட்டது. ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கீழே படுத்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஏர் எடுக்கும் நிப்பிள் காலிப்பரின் அடிப்பக்கம் இருந்தது. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறேன். இரண்டும் கச்சிதமாகப் பொருந்தும், அதுதான் சிக்கல். காற்று மேலே நிற்கும், நாம் கீழேயிருந்து ஆயிலை மட்டும் எடுத்துக்கொண்டிருப்போம். மாற்றி மாட்டினேன், பத்து நிமிஷத்தில் பெடல் கல் மாதிரி நின்றது. நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

அதுவும் சரியாக இருந்து பெடல் தொய்ந்தால், மாஸ்டர் சிலிண்டரை வைஸில் வைத்து முன்கூட்டியே ஏர் எடுத்தீர்களா என்று பாருங்கள். வரிசை: வலப் பின், இடப் பின், வல முன், இட முன். பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

என் அசல் 14 அங்குலச் சக்கரம் ஏறுமா?

ஏறாது. டிஸ்க் சுமார் 11 அங்குலம், அதற்கு மேல் காலிப்பர். குறைந்தது 15 அங்குலச் சக்கரம் வேண்டும், அதிலும் சில டிசைன்கள் காலிப்பரைத் தொடும். வாங்கும் முன் மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

வேறு கார்களுக்கு இது பொருந்துமா?

ஆக்ஸில் மாறும், வழி மாறாது. மஸ்டாங்குக்கு ஒரு காலத்தில் லிங்கன் வெர்சாய் என்ற காரின் 9 அங்குல ஆக்ஸிலைத் தேடி அலைந்தார்கள். 1977 முதல் 1980 வரை மட்டும் வந்த கார், இன்று கண்ணில் படுவதே அரிது. அதன் ஹேண்ட் பிரேக் காலிப்பருக்குள்ளேயே இருக்கிறது, பராமரிப்பும் கஷ்டம். ஷெவ்ரலே கமாரோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்தி: 1969இல் அந்தக் காருக்கு நாலு சக்கர டிஸ்க்கை ஜேஎல்8 என்ற ஆப்ஷனாகத் தொழிற்சாலையே கொடுத்தது. வாங்கியவர்கள் 206 பேர். நாம் இன்று செய்வது அந்தக் காலத்துக்கே அந்நியமான வேலை அல்ல.

காரின் அசல் தன்மை கெட்டுவிடாதா?

எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் எல்லாம் காரின் எண்ணோடு ஒத்துப்போகும் அபூர்வக் கார் என்றால் நானும் கை வைக்க மாட்டேன். என்னுடையது சாதாரண 302, மகளைப் பின் இருக்கையில் உட்கார்த்தி ஓட்டும் கார். கழற்றிய 8 அங்குல ஆக்ஸிலை டிரம்மோடு எண்ணெய் பூசி, கராஜ் சுவரோரம் வைத்திருக்கிறேன். எந்த இணைப்பையும் காரின் உடலில் வெட்டிச் செய்யவில்லை. விரும்பினால் ஒரு வார இறுதியில் பழையபடி மாற்றிவிடலாம்.

எல்லாம் மாட்டியாயிற்று. முதல் ஓட்டத்தில் என்ன செய்வது?

சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் பாருங்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்கும்போது கசிவு தேடுங்கள். தெருவில் 30 மைல் வேகத்திலிருந்து மெதுவாக, முழுக்க நிறுத்தாமல், பத்துப் பதினைந்து தடவை வேகம் குறைத்துப் பேட் படியவிடுங்கள். நடுநடுவே ஆறவிடுங்கள்.

பிறகு யாருமில்லாத, அகலமான, உலர்ந்த இடம். வால்வைப் பின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி வைத்துத் தொடங்குங்கள். நண்பர் ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று சக்கரங்களைப் பார்க்கட்டும், உள்ளே இருக்கும் உங்களுக்கு எது முதலில் லாக் ஆனது என்று தெரியாது. 30 மைலில் அழுத்தமாக மிதியுங்கள். முன் சக்கரம் முதலில் லாக் ஆனால் வால்வைக் கொஞ்சம் திறந்து மறுபடி பாருங்கள். பின் சக்கரம் முந்தும் இடம் வந்ததும் நிறுத்தி, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அடுத்த மழை நாளில் அதே இடத்தில் மெதுவான வேகத்தில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வால்வின் திருகு நின்ற இடத்தில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். என் கோடு மஞ்சள் நிறம், முழுக்க மூடிய நிலையிலிருந்து இரண்டரைச் சுற்றில் நிற்கிறது. உங்கள் டயரும் பேட்டும் வேறு, உங்கள் கோடு வேறு இடத்தில்தான் வரும்.